மலை வெயிலும் மோட்டார் வண்டியின் வர்ணமும்

நீலகிரி மலைச் சரிவுகளில் பச்சைத் தேயிலை பறிக்கும் சிறு விவசாயிக்கும், அவர் அங்கத்தினராக உள்ள தொழிற்சாலைக்கும் இடையில் ஓயாமல் ஓடுவது லாரி. 1962-ஆம் ஆண்டில் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கப்பெற்ற காலம் முதல், இன்று இன்ட்கோசர்வ் தலைமைச் சங்கத்தின்கீழ் 16 தொழிற்சாலைகள் இயங்கும் நிலை வரையில், இந்த ஏற்பாடு முழுவதும் சக்கரத்தின்மேல்தான் நடந்து வருகிறது. பறித்த கொழுந்து உரிய நேரத்தில் தொழிற்சாலையை அடையாவிட்டால் மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்து தரம் கெட்டுவிடும். ஆகவே எஞ்சினையும் டயரையும் பிரேக்கையும் சங்கங்கள் கண்ணுங் கருத்துமாகக் கவனிக்கின்றன. டீசலுக்குக் கணக்கு உண்டு. டயருக்குப் பதிவேடு உண்டு. உதிரிப் பாகங்களுக்கு இருப்புக் கணக்கும் உண்டு. வண்டியின் தகட்டுக்கும் அதன்மேல் உள்ள வர்ணத்துக்கும் மட்டும் ஏட்டில் ஒரு பத்தி கிடையாது.

வாகனக் கணக்குகளைப் புரட்டும்போது நாம் காண்பது வேறொன்று. தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டிய மாதத்தில், ‘எப்.சி. வேலை, தகரம், பெயிண்டு’ என்ற தலைப்பில் திடீரென்று ஒரு பெருந்தொகை எழுதப்பட்டிருக்கும். சரக்கு வண்டிகளுக்கு எட்டு ஆண்டு வரையில் இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் இச்சான்று பெறவேண்டும் என்பது விதி. அந்த அவசரத்தில் துருவின் மேலேயே பட்டி வைத்து, புது வர்ணம் அடித்து, வண்டியை நிறுத்திக் காட்டிவிடுகிறோம். அடுத்த மழை முடிவதற்குள் அது கொப்புளித்து உரிகிறது. மறுபடியும் அதே தொகை. இத்தொகை யாருடைய கொழுந்து விலையிலிருந்து கழிகிறது என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கடன் வாங்கிப் பிக்கப் வண்டியோ வாடகைக் காரோ வாங்கியிருப்பவர்களின் நிலையும் இதுதான். விற்கப் போகும் அன்று எஞ்சினைக் கேட்பதற்கு முன்பே வாங்குபவரின் கண் மேற்கூரையின் மீதுதான் விழுகிறது.

உதகையில் வெயில் சுடுவதில்லையே, அது வர்ணத்தை என்ன செய்துவிடும் என்று பலர் கேட்பதுண்டு. இங்கேதான் மலை நம்மை ஏமாற்றுகிறது. உடலுக்குச் சுடுவது வேறு, வர்ணத்தைக் கெடுப்பது வேறு. வர்ணத்தை முக்கியமாகக் கெடுப்பது சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து வரும் புற ஊதாக் கதிர். காற்றுமண்டலம் இக்கதிரில் ஒரு பங்கை வழியிலேயே தடுத்து வடிகட்டுகிறது. உயரம் கூடக் கூட அந்தக் காற்றின் கனம் குறைகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் மிகுகிறது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே வானம் தெளிந்த ஒரு நடுப்பகலில், மேட்டுப்பாளையத்தில் நிற்கும் வண்டியைவிட உதகையில் நிற்கும் வண்டி இக்கதிரை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அதிகமாகவே வாங்குகிறது. போதாக்குறைக்கு நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் நேராக நம் தலைக்குமேல் வருகிறது. மெல்லிய மேகம் வெப்பத்தைக் குறைத்தாலும் இக்கதிரின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் நாளிலும் வண்டியின் கூரை வெயில் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

நெசவாளர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கடையின் முன்புறம் மாதக்கணக்கில் தொங்கவிட்ட சேலையின் மடிப்புக்கு வெளிப்புறம் வெளுத்தும், உட்புறம் புதிதாகவும் இருப்பதைச் சிறுமுகையிலும் காணலாம், சென்னிமலையிலும் காணலாம். வாட் சாயம் தாங்குகிறது. மலிவான நேர்ச் சாயம் தாங்குவதில்லை. மோட்டார் வர்ணத்திலும் சில சிவப்புகளும் மஞ்சள்களும் முதலில் வெளுத்துப் போவது இதே காரணத்தால்தான். ஆனால் வர்ணத்தில் நிறம் மட்டும் கெடுவதில்லை. நிறத்தைத் தாங்கி நிற்கும் பிசினும் கெடுகிறது. கதிர் அந்தப் பிசினின் அணுக்கட்டுகளை அறுக்கிறது. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள பிராணவாயு சேர்ந்து கொள்கிறது. மேற்பரப்பு முதலில் பளபளப்பை இழந்து மங்குகிறது. பின்னர் பிசின் தேய்ந்து, நிறப்பொடி மட்டும் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது. பழைய லாரியின் முகப்பை விரலால் தடவினால் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டதுபோல் விரலில் பொடி ஒட்டுவது இதனால்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியம். பட்டறையில் எனாமல் அடித்த லாரிக் கூண்டில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் அடங்கியிருக்கின்றன. இக்காலத்துக் கார்களிலும் பிக்கப் வண்டிகளிலும் பெரும்பாலும் அப்படி இல்லை; தகட்டின்மேல் பிரைமர், அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக உள்ளன. இந்த அடுக்குகள் அனைத்தையும் சேர்த்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும். கிளியர் கோட் அதில் ஏறக்குறைய பாதி. புற ஊதாக் கதிரை விழுங்கிக்கொள்ளும் மருந்துகளைத் தொழிற்சாலையில் இந்தக் கிளியர் கோட்டில்தான் கலக்கிறார்கள். வண்டியின் குடை அதுதான். அது தேய்ந்தோ உரிந்தோ போய்விட்டால் திரும்ப வளராது. ஈரத்துணியில் சிறிது மெருகுப் பசை வைத்து மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் இறங்கினால் அது ஒற்றைப் பூச்சு, இறங்காவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி மெழுகுக்கு வருவோம். மெழுகு பூசினால் வெயில் வர்ணத்தைத் தொடாது என்று டப்பாவின்மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்பவேண்டியதில்லை என்பது நம் அபிப்பிராயம். பூசித் துடைத்தபின் எஞ்சி நிற்கும் மெழுகுப்படலம் மிக மெல்லியது. புற ஊதாக் கதிரைப் பெருமளவில் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அப்படியானால் அது எதற்கு? பாவுக்குக் கஞ்சி போடுவது எதற்காக என்று எண்ணிப் பாருங்கள். கஞ்சி துணியின் பகுதி அன்று. நெய்து முடிந்ததும் அலசிப் போய்விடும். ஆயினும் பண்ணையிலும் விழுதிலும் இழை உராயும்போது தேய்வது கஞ்சி, இழை பிழைக்கிறது. மெழுகும் அவ்வாறே. புழுதித் துணி உராயும்போதும், மழைநீர் தங்கும்போதும், பறவை எச்சமும் மரப்பிசினும் விழும்போதும் முதலில் அழிவது மெழுகு. அழுக்கு வர்ணத்தைக் கவ்விப் பிடிக்க முடியாமையால் கழுவுவது எளிதாகிறது. கழுவுவது எளிதாவதால் அழுத்தித் தேய்ப்பது குறைகிறது. தேய்ப்பது குறைவதால் கிளியர் கோட் நெடுநாள் நிற்கிறது. வெயிலிலிருந்து மெழுகு காப்பது பெரும்பாலும் இந்தச் சுற்றுவழியில்தான்.

மெழுகுகளில் நமக்கு மிகவும் பழக்கமானது தேன்மெழுகு. இம்மலையின் குறும்பர்கள் பாறைத் தேன் எடுத்துக் கொண்டுவரும் அடையிலிருந்து கிடைப்பது. அது மென்மையானது, 62 முதல் 64 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். மலையில் நிற்கும்வரை சரி. கறுப்பு நிற வண்டி சித்திரை வெயிலில் கோயமுத்தூரில் நின்றால் மேற்கூரை அந்தச் சூட்டை எட்டக்கூடும். அதற்கு முன்பே மெழுகு இளகிப் புழுதியை ஈர்க்கும். ஆகவே மோட்டார் மெழுகுகளில் உயர்வாக மதிக்கப்படுவது கார்நௌபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து இது உரித்தெடுக்கப்படுகிறது. வறண்ட காற்றில் தன் ஈரத்தை இழக்காமலிருக்க அந்த மரம் ஓலைமேல் தானே பூசிக்கொள்ளும் பூச்சு அது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், கெட்டியானது. டப்பாவில் வருவது கரைப்பானும் வேறு மெழுகுகளும் கலந்த பசை. நம் மழையில் அது சில வாரங்கள் நிற்கும். இரண்டு மாதம் நின்றால் அதிகம்.

சீலண்ட் என்பது இயற்கை மெழுகு அன்று. செயற்கைப் பிசின்களும் சிலிக்கோன் வகைகளும் சேர்ந்தது. மெழுகைப்போல் கண்ணுக்கு ஆழ்ந்த மினுமினுப்பைத் தராவிட்டாலும் சில மாதங்கள் நிற்கும். சங்க வண்டியின் முகப்புக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் இதையே நாம் சிபாரிசு செய்கிறோம். செராமிக் பூச்சு என்று இப்பொழுது பெரிதாக விளம்பரப்படுத்தப்படுவது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டது. முறையாகப் பூசினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் விலை மிகுதி. கல் தெறிப்பதை அது தடுக்காது. கொழுந்து லாரிக்கு அது வேண்டாத செலவு.

லாரியின் சுமைப்பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே எதிரி வெயில் அன்று, கொழுந்தேதான். ஈரக் கொழுந்து நசுங்கி வடியும் சாற்றில் துவர்ப்புப் பொருள்கள் உள்ளன. வர்ணம் பெயர்ந்து இரும்பு வெளிப்பட்ட இடத்தில் இச்சாறு பட்டால் கருநீலக் கறை உண்டாகிறது. பழைய காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வினையைக் கொண்டுதான். கறையைவிடத் தீங்கானது அடிப்பலகைக்கும் தகட்டுக்கும் இடையே தங்கி மட்கும் இலையும் நீரும். பின்கதவின் கொக்கி, சங்கிலி உராயும் விளிம்பு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு ஆகிய இடங்களில் துரு இப்படித்தான் பிறக்கிறது. இவ்விடங்களுக்கு மெழுகு மருந்தாகாது. அன்றன்று தண்ணீரால் கழுவுதல், வடிகால் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து வைத்தல், வர்ணம் பெயர்ந்தவுடன் துருவைச் சுரண்டிப் பிரைமர் தொட்டு வர்ணம் தொடுதல் ஆகியவையே வழி. ஒரு விரற்கடைத் துருவை இன்று தொட்டுவிட்டால், எப்.சி. மாதத்தில் ஒரு முழத் தகடு வெட்டி ஒட்டும் வேலை மிஞ்சும்.

பூசும் முறையில் கடினம் ஒன்றுமில்லை. அவசரம் மட்டும் கூடாது. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணையும் புழுதியையும் ஓடவிட வேண்டும். உலர்ந்த துணியால் புழுதியைத் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என இரண்டு இருக்கட்டும். வாகனத்துக்கென்று விற்கும் மென்மையான ஷாம்பூவே ஏற்றது. சலவைச் சோடாவும் பாத்திரம் துலக்கும் சோப்பும் முன்பு பூசிய மெழுகை அடியோடு கழுவிவிடும். நன்றாக உலர்ந்தபின், நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, கொஞ்சமே எடுத்து ஒவ்வொரு பகுதியாக மெல்லப் பூசி, வெளிறி உலர்ந்ததும் சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். கனமாக அப்புவதால் பயன் இல்லை. துடைக்கும்போது எல்லாம் துணியோடு போய்விடும். சீலண்ட் இறுகுவதற்கு அரை நாளோ ஒரு நாளோ ஈரம் படாதிருக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கும் ஊரில் இதை வெளியில் செய்வதில் பொருளில்லை. காலையில் பூசி, இரவு கொட்டகைக்குள் நிறுத்த வேண்டும்.

எந்த மாதத்தில் பூசுவது என்பதற்கு மலையெங்கும் ஒரே விடை கிடையாது. குந்தா, நடுவட்டம், கூடலூர் பக்கங்கள் தென்மேற்குப் பருவமழையை முழுமையாக வாங்குகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை மறந்திருக்க மாட்டோம். அப்பகுதியினர் மே மாத நடுவில் பூசிவிடுவது நலம். குன்னூர், கோத்தகிரி பக்கங்களுக்கு வடகிழக்கு மழையே பெரிது. அங்கே செப்டம்பர் இறுதி ஏற்றது. இரு பக்கத்தாரும் மழை ஓய்ந்தபின் ஜனவரியில் இன்னொரு முறை பூசவேண்டும். வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, பகலில் வெயிலும் இரவில் உறைபனியும் வண்டியைப் பிடிக்கும் காலம் அது. கண்ணாடியிலும் தகட்டிலும் படிந்த உறைபனியைத் தகரத்தாலோ அட்டையாலோ சுரண்டக் கூடாது. சிறிது பொறுத்தால் வெயிலே உருக்கிவிடும். கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து தெளிப்பவர்கள் ஒரு முறை தெளித்ததோடு அந்தப் பருவத்தைக் கடத்திவிடுவதில்லை. மெழுகுக்கும் அதே கணக்குத்தான்.

சில பழக்கங்களை விட்டுவிட வேண்டும். கிளீனர் பையன்கள் மண்ணெண்ணெயும் டீசலும் தொட்டு வண்டியைத் துடைத்து மினுக்குவதைப் பல நிலையங்களிலும் காண்கிறோம். அந்த மினுக்கு எண்ணெயின் மினுக்கு. மெழுகு இருந்தால் அதைக் கரைத்துவிட்டு, மாலைக்குள் புழுதியைச் சேர்த்துக் கொள்ளும். கதவு ரப்பரையும் கெடுக்கும். பறவை எச்சத்தை வெயிலில் காயவிட்டு நகத்தால் சுரண்டுவதும் தவறு. ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். மங்கிய வண்டியை ஆண்டுக்கு இரு முறை யந்திரத்தில் மெருகூட்டுபவர்களும் உண்டு. மெருகுப் பசை மெழுகு அன்று. அதில் அராவும் பொடி இருக்கிறது. பொடி எழும்பிய ஒற்றைப் பூச்சு எனாமலுக்கு ஒரு முறை அது நன்மை செய்யும். கிளியர் கோட்டையோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தின்றுவிடும். மேற்கூரையில் கிளியர் கோட் திட்டுத் திட்டாக வெளுத்து உரியத் தொடங்கிவிட்டால் மெழுகும் சீலண்டும் வீண். அந்தப் பகுதியை மட்டும் முறையாகச் சுரண்டி மறுபூச்சு இடுவதுதான் சிக்கனம்.

பூச்சு இருக்கிறதா, போய்விட்டதா என்று அறிய ஒரு செம்புத் தண்ணீர் போதும். முகப்பு மூடியின்மேல் ஊற்றினால், தாமரை இலைமேல் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்று உருண்டால் இருக்கிறது என்று பொருள். தட்டையாகப் பரவித் தங்கினால் போய்விட்டது. மாதந்தோறும் முதல் தேதியன்று, டயரில் காற்று பார்க்கும்போதே டிரைவர் இதையும் பார்த்து, வண்டியின் லாக் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக் காரியதரிசியிடம் கையெழுத்து வாங்கி வைக்கலாம்.