கடை அலங்கார வேலையில் லேஸர் அறுப்பு யந்திரம்

விளைபொருளை விற்கத் தாலுகா தலைநகருக்குச் செல்லும் விவசாயி, அங்குள்ள நகைக் கடையிலோ மருந்துக் கடையிலோ சற்று நின்று பார்ப்பாராயின், சுவரில் பூவேலைப் பலகையும், பெயர்ப் பலகையில் எழும்பி நிற்கும் எழுத்துகளும், கண்ணாடி போன்ற அக்ரிலிக் தட்டுகளும் இருக்கக் காண்பார். அவற்றில் பல உளியாலோ ரம்பத்தாலோ வெட்டப்பட்டவை அல்ல, ஒளிக்கதிரால் அறுக்கப்பட்டவை. ஊரிலுள்ள தச்சர் குடும்பத்து இளைஞர் ஒருவர், இத்தகைய யந்திரம் வாங்கப் போவதாகவும் அதை வைக்கப் பஞ்சாயத்தின் தொழிற்கூடத்தில் இடம் வேண்டுமென்றும் விண்ணப்பித்தால், அங்கத்தினர்கள் அவரிடம் என்ன கேட்க வேண்டும்? அவருடைய தந்தை நிலத்தை ஈடு வைக்கலாமா? இவ்விரு வினாக்களை மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

லேஸர் ஒளியை முதன்முதலாக உண்டாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த தியோடர் மைமன்; ஆண்டு 1960. கரியமில வாயுவைக் கொண்டு இவ்வொளியை உண்டாக்கும் முறையை 1964-இல் கண்டவர், மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்து பூனாவில் பொறியியல் பயின்ற குமார் படேல் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. 1967-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹௌல்ட்கிராப்ட் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும், கதிரோடு பிராணவாயுவையும் செலுத்தி இரும்புத் தகட்டை அறுத்துக் காட்டினர். இன்றைய யந்திரங்கள் யாவும் அந்த வழியில் வந்தவையே.

யந்திரம் வேலை செய்யும் விதம் விளங்காத ஒன்றன்று. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துச் சிறுவர்கள் காகிதத்தைக் கருக்குவதை அறிவோம். அதுபோலவே லேஸர் கதிரும் வில்லையால் ஏறக்குறைய ஒரு மயிரிழைப் பருமனுக்குக் குவிக்கப்படுகிறது. அப்புள்ளியில் மரம் எரிந்து ஆவியாகிறது, இரும்பு உருகுகிறது. உருகியதைக் காற்று ஊதித் தள்ளுகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டின்மீது அப்புள்ளி ஓடுகிறது. ஆகவே வேலையின் பாதி வரைபடத்திலேயே முடிந்துவிடுகிறது எனலாம்.

இவற்றில் இரு வகை உண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். கரியமில வாயு லேஸர் மரம், அக்ரிலிக், துணி, தோல் ஆகியவற்றை அறுக்கும். கண்ணாடி இழையில் ஒளியை உண்டாக்கும் 'பைபர்' லேஸர் இரும்பு, எவர்சில்வர், அலுமினியத் தகடுகளுக்கு உரியது. நிறமற்ற அக்ரிலிக்கை இதன் கீழ் வைத்தால் ஒளி அதனூடே கடந்து போய்விடும். விற்பவர் எல்லாவற்றையும் அறுக்கும் என்று சொன்னால், நாம் கொண்டு போன பலகையையும் தகட்டையும் எதிரிலேயே அறுத்துக் காட்டும்படி கேட்பதே முறை.

தச்சரின் ரம்பத்துக்கு இனி வேலையில்லை என்று எண்ணுவதும் தவறு. 100 வாட் ஆற்றலுள்ள கரியமில வாயு யந்திரம் 3 அல்லது 4 மில்லிமீட்டர் பிளைவுட்டை எளிதில் அறுக்கும். 6 மில்லிமீட்டரும் முடியும். அலமாரியின் உடலுக்கு வேண்டிய 18 மில்லிமீட்டர் பலகை அதற்கு ஏற்றதன்று. விளிம்பு கருகும், நேரமும் வீணாகும். அதை ரம்பத்தால் அறுப்பதே சிக்கனம். நீரைத் தாங்கும் பிசின் இட்ட பிளைவுட் இன்னும் அதிகமாகக் கருகும். எழுத்து, பூவேலை, தட்டுகளிடையே நிற்கும் மெல்லிய தடுப்பு, ஒரே அச்சில் நூறு வேண்டிய சிறு துண்டு ஆகியவற்றில்தான் இந்த யந்திரம் தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

அளவு விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. 6 மில்லிமீட்டர் என்று விற்கப்படும் பலகையை வெர்னியரால் அளந்தால் 5.6 இருப்பது உண்டு. கதிரோ ஓடும் வழியில் சுமார் 0.2 மில்லிமீட்டரை எரித்துத் தின்றுவிடுகிறது. இந்தத் தடுப்பு மற்றொரு பலகையின் பள்ளத்தில் இறுக்கமாக அமர வேண்டுமானால், பள்ளத்தை வரைபடத்தில் 5.4 என்று வரைய வேண்டும். அறுத்தபின் அது 5.6 ஆகும். பலகையின் பெயரை நம்பி 6 என்று வரைந்தால் பள்ளம் 6.2 ஆகி, தடுப்பு 0.6 மில்லிமீட்டர் ஆடும். ஐம்பது தடுப்புகள் கொண்ட மருந்துக் கடை அலமாரி முழுவதும் இப்படி ஆடினால், கடைக்காரர் பணம் தர மறுப்பதில் வியப்பில்லை. ஒவ்வொரு கட்டுப் பலகையையும் புதிதாக அளந்து, ஒரு சிறு துண்டில் சோதித்த பின்னரே முழுப் பலகையில் கை வைக்க வேண்டும். மரத்தின் குணமறிந்த பழைய ஆசாரி ஒருவர் அருகிலிருப்பது இளைஞருக்குப் பெருந்துணை.

8 அடிக்கு 4 அடிப் பலகையில் துண்டுகளை நெருக்கி அடுக்கி, பெரியவற்றின் இடைவெளியில் சிறு எழுத்துகளை இட்டு வரைந்தால் கழிவு பெரிதும் குறையும். பலகை விற்கும் விலையில் இது சிறு லாபமன்று.

இனி ஆபத்தைப் பற்றிக் கூற வேண்டும். கடை வேலையில் பிளைவுட்டுக்குப் பதிலாக பி.வி.சி. பலகை மிகுதியாகப் புழங்குகிறது. அதை லேஸரின் கீழ் ஒருபோதும் வைத்தலாகாது. அதில் குளோரின் உண்டு. சூடு பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி எழும். அது தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும். யந்திரத்தையும் துருப்பிடிக்கச் செய்யும். துண்டு எதனால் ஆனது என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை உண்டு. திறந்த வெளியில், இடுக்கியால் பிடித்த செப்புக் கம்பியை நிறமற்ற சுடர் வரும்வரை காய்ச்சி, அத்துண்டில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டுக. பச்சைச் சுடர் எழுந்தால் குளோரின் உள்ளது, அப்பொருளை விலக்கிவிடுக.

மற்றொன்று தீ. மரமும் அக்ரிலிக்கும் அறுக்கும்போதே பற்றிக்கொள்ளக் கூடியவை. தேநீர் அருந்தச் சென்று திரும்புவதற்குள் யந்திரம் வெந்துபோகலாம். அறுப்பு நடக்கும் வரை ஒருவர் அருகில் இருந்தே தீர வேண்டும். தீயணைப்புக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கூரைக் கொட்டகையில் இதை நிறுவ அனுமதித்தல் கூடாது. இரு கதிர்களும் கண்ணுக்குப் புலப்படாதவை. பைபர் கதிர் சாதாரண அக்ரிலிக் மூடியைக் கடந்து விழித்திரை வரை சென்று சுடுமாதலால், அதற்கென்றே செய்த தடுப்பு இல்லாமல் அதை ஓட்டலாகாது.

பணத்தைப் பற்றி எம் கருத்து இது: முதலில் யந்திரம் வாங்க வேண்டாம், வரையக் கற்க வேண்டும். நகரத்தில் கூலிக்கு அறுத்துத் தருவோர் உள்ளனர். வீட்டில் வரைந்து, அங்கே அறுக்கச் செய்து, ஊரில் பொருத்தி விற்கலாம். அப்படிக் கொடுக்கும் அறுப்புக் கூலி, மாதத் தவணையையும் மின்கட்டணத்தையும் ஈடு செய்யும் அளவுக்கு வளர்ந்து, ஓராண்டு நிலைத்து நின்றால், அப்போது கடன் வாங்குவது தகும். அதற்குமுன் நிலத்தை ஈடு வைப்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். கரியமில வாயு யந்திரத்தின் கண்ணாடிக் குழாய் நாளடைவில் வலுவிழக்கும். புதுக் குழாய்க்காக மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் காட்டும் திட்டக் குறிப்புகள் உண்டு.

பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கான உச்சவரம்பு 2022-இல் 25 இலட்சத்திலிருந்து 50 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராமத்தில் தொடங்கும் தொழிலுக்கு மானிய விகிதம் நகரத்தைவிட அதிகமாக வைக்கப்பட்டது. விதிகள் அவ்வப்போது மாறுமாதலால், விண்ணப்பிக்குமுன் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறிவது நல்லது.

இனிப் பஞ்சாயத்து செய்ய வேண்டியது. இடம் கேட்பவரின் வரைபடங்களையும், முன் செய்து கொடுத்த வேலைகளின் ரசீதுகளையும் பார்க்க வேண்டும். ஓடோ கான்கிரீட்டோ வேய்ந்த கட்டடமும், தடையில்லா மின்சாரமும், தரையிணைப்பும் உண்டா என மின்வாரியப் பணியாளரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். புகைக்குழாய் பள்ளிக்கூடத்தையோ அங்கன்வாடியையோ நோக்கித் திறக்காமல், கூரைக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும். பி.வி.சி. அறுக்கப்படாது என்பதை எழுத்து மூலம் வாங்கி, அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.