வியாழன் இரவு கரம் பலகையும் கடைக் கணக்கும்

வியாழக்கிழமை இஷாத் தொழுகை முடிந்ததும் உட்துறைமுக வீதிப் பக்கம் நண்பர் ஒருவரின் களஞ்சியத்தில் நாங்கள் ஆறு பேர் கூடுவோம். இரும்புக் கடைக்காரர், அரிசி மொத்த வியாபாரி, மீன் ஏற்றுபவர் என்று எல்லோரும் வியாபாரிகள்தாம். நடுவில் கரம் பலகை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன் அங்கிருந்து வருபவர் படகைப் பிடிக்கப் பாதி ஆட்டத்தில் எழுந்து ஓடுவார். இப்போது கடைசியாக எழும்புபவர் அவர்தான்.

“இந்த வயதில் விளையாட்டா?” என்று கேட்கும் வர்த்தக நண்பர்களுக்கு என் பதில் இது.

கரத்தின் சட்டங்களைக் கவனியுங்கள். வெள்ளை 9, கறுப்பு 9, நடுவில் சிவப்பு ஒன்று. சிவப்புக்கு மதிப்பு 3. ஆனால் அதை விழுத்தினால் மட்டும் போதாது. தொடர்ந்து சொந்தக் காய் ஒன்றையும் விழுத்த வேண்டும். தவறினால் சிவப்பு மீண்டும் நடுவுக்குப் போய்விடும். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் ஒரு காய் தண்டம். கையில் காய் இல்லையென்றால் அது கடனாக நிற்கும்; பிறகு விழும் காயில் கழிபடும். பெரிய ஓடரைக் கண்டு பாயும் வியாபாரி, அதைத் தாங்கும் காசு அடுத்த கையில் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

2022ஆம் ஆண்டு டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டிய நாட்கள் நினைவிருக்கும். மொத்த வியாபாரிகள் கடனை நிறுத்திக் கைக்காசு கேட்டார்கள். அப்போது எங்களில் ஒருவர் இரண்டு வியாழன் வரவில்லை. மூன்றாம் வாரம் வீட்டுக்கே போனோம். முன்கூட்டி எழுதிக் கொடுத்த மூன்று காசோலைகள் ஒரே வாரத்தில் விழ இருந்தன. சரக்கோ விற்காமல் கிடந்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் கடன் கொடுக்கவில்லை. ஒருவர் சரக்கில் பாதியைக் கொள்விலைக்கு எடுத்தார். இன்னொருவர் கூடப் போய், மொத்த வியாபாரியிடம் பேசித் தவணையாகப் பிரித்தார். காசோலை ஒன்றும் திரும்பவில்லை. அவர் கடை இன்றும் திறந்திருக்கிறது. வாராவாரம் ஓர் இருக்கை இல்லாதிருந்தால், அது காலியானது யாருக்குத் தெரிந்திருக்கும்?

நீங்களும் தொடங்க விரும்பினால் எங்கள் ஒழுங்கு இதுதான்:

1. பந்தயம் கிடையாது. “தோற்றவர் தேநீர்” என்பதும் பந்தயமே; ஆகவே தேநீர்ச் செலவு முறைவைத்து.

2. பலகையைச் சுற்றி ஒருவருக்கொருவர் பாக்கி கேட்பதில்லை. அதற்குக் கடை இருக்கிறது.

3. அங்கே கேட்ட கஷ்டம் வெளியே போகக் கூடாது.

4. பத்தரைக்குப் பலகையை மூடிவிட வேண்டும். வீட்டாரின் நேரத்தைத் திருடிய விளையாட்டு நிலைக்காது.

இது வேலையற்றோர் விளையாட்டு என்று எண்ணவும் வேண்டாம். 1991, 1995ஆம் ஆண்டுகளில் உலகச் சம்பியனான சென்னை மரிய இருதயம் இந்தியாவின் அர்ஜுனா விருது பெற்றவர். அதே சென்னையில் ஓட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் மூன்று தங்கம் வென்றார்.

ஒரு பலகை, கொஞ்சம் மா, நம்பிக்கையான நாலு பேர் போதும். வரவு செலவுப் புத்தகத்தில் எழுத முடியாத முதல் அதுதான்.