கேத்தல் படிவுக்குள் அணுக்கணக்கு

வட்டுக்கோட்டைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலுக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்தான் தண்ணீரில் கரைந்து வந்து இப்படிப் படிகிறது. அணுப் பாடத்தை இந்த நுரையிலிருந்தே தொடங்கலாம்.

பள்ளி ஆய்வுகூடத்தில் இதையே நிறுத்துப் பார்க்கலாம். ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் உள்ள முகவையைத் தராசில் வைத்து, 10 கிராம் சுண்ணாம்புக்கல் தூளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். நுரை பொங்கும், சீறும், மெல்ல அடங்கும். கல் தூயதாகவும் அமிலம் போதியதாகவும் இருந்தால், முகவையும் தூளும் சேர்ந்த தொடக்க நிறையிலிருந்து ஏறக்குறைய 4.4 கிராம் குறைந்திருக்கும். 5 கிராம் போட்டால் 2.2. கடற்கரைச் சிப்பியைப் பொடித்துப் போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. வெளியேறிய வாயு காபனீரொட்சைட்டு. சுண்ணாம்பு நீருக்குள் செலுத்தினால் அது பால்போல் வெளுக்கும்.

ஏன் எப்போதும் அதே விகிதம்? ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் தனக்கென ஒரு நிறை உண்டு, அணுக்கள் முழு எண்ணிக்கையிலேயே சேரும் என்றார் இங்கிலாந்தின் ஜோன் டோல்ற்றன். அவருடைய நூல் 1808 இல் வந்தது. சுண்ணாம்புக்கல்லில் கல்சியம் ஒன்று 40, காபன் ஒன்று 12, ஒட்சிசன் மூன்று 48, மொத்தம் 100. இதில் காபன் ஒன்றும் ஒட்சிசன் இரண்டும் பறந்துபோகின்றன: 44. கண்ணுக்குத் தெரியாத அணு தராசில் தெரிவது இப்படித்தான்.

டோல்ற்றனின் நூல் வந்து 15 ஆண்டுகளில், 1823 இல், வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமாரின் செமினரி தொடங்கி மேலைநாட்டு விஞ்ஞானமும் கற்பித்தது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீனின் தமிழாக்க முயற்சியில் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875 இல் வெளியானது. தமிழில் இரசாயனம் அச்சேறி ஒன்றரை நூற்றாண்டாகிறது.

அப்படிப்பட்ட மண்ணில் 40, 12, 16 என்ற எண்களைப் பிள்ளைகள் வெறும் மனப்பாடமாகச் சுமப்பது வருத்தம் தருகிறது. எண் எங்கிருந்து வந்ததென்று ஒருமுறை கையால் கண்ட பிள்ளைக்கு அது மறக்காது. ஆசிரியர்களே, சோதனைக்கென ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். அமிலம் ஆய்வுகூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், கண்ணாடி அணிந்து மட்டும். வீட்டில் பெற்றோருக்குப் பாதித் தேசிக்காய் போதும். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி அந்தக் கேத்தலில் பிழிந்து காட்டுங்கள்.