சித்ரதுர்காவின் பாசிக் கற்கள்

கர்நாடகத்தின் கதக் பகுதியில் தொடங்கி, மைசூருவை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணம் வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது சித்ரதுர்கா பாறைப் பட்டை. எரிமலைக் குழம்பும் கடல் வண்டலும் இறுகி உருவானது இது. இடையிடையே சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் உண்டு. சுமார் 260 கோடி ஆண்டுப் பழமையான உயிர்ச்சுவடுகள் இருப்பது அவற்றில்தான். வாணி விலாச சாகர் அணை நிற்கும் மாரிகணிவே, பீமசமுத்திரம், தும்கூரு மாவட்டத்துத் தொட்டகுணி ஆகியவை நிலவியலாளர்களுக்கு நன்கு பழக்கமான இடங்கள்.

எலும்பு, சிப்பி, இலை எதையும் இங்கே தேடக் கூடாது; அன்றைய உலகில் அவை கிடையாது. ஆழமில்லாத கடலோரத்தில் நீலப்பச்சைப் பாசி வழவழவென்று படலமாகப் படர்ந்தது. பாசி என்று பெயரே தவிர, உண்மையில் அது பாக்டீரியா. அலை கொண்டுவந்த துகள்கள் அந்தப் பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டன, சுண்ணாம்பும் படிந்தது. வெளிச்சம் தேடிப் பாசி மேலேறி அடுத்த படலத்தை விரித்தது. இப்படி ஏடு ஏடாக வளர்ந்து கல்லான மேட்டுக்கு ஸ்ட்ரோமடோலைட் என்று பெயர். குறுக்கே வெட்டினால், பிளந்த வெங்காயம் போல மெல்லிய வளைவரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.

வரியுள்ள கல்லெல்லாம் உயிர்ச்சுவடு ஆகிவிடாது. சேறு தானாகப் படிந்தால் பள்ளத்தில்தான் தடிமனாகத் தங்கும். பாசி வளர்த்த கல்லிலோ மேட்டின் உச்சியில் வரி தடித்திருக்கும்.

பட்டை மைசூருவை எட்டினாலும், சுவடுகள் துலக்கமாக இருப்பது அதன் நடுப்பகுதியில்தான். தெற்கே போகப் போக, பூமியின் ஆழத்தில் அதிக வெப்பத்தில் வெந்து உருமாறிய பாறைகளே மிகுதி. அந்தச் சூட்டை மெல்லிய வரிகள் தாங்குவதில்லை. மைசூருவின் சாமுண்டி மலைக் கிரானைட்டில் தேடுவது அதைவிட வீண். அது உருகிய குழம்பு ஆறிக் கெட்டிப்பட்டது.

காற்றில் ஆக்சிஜன் நிலையாகச் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதை உண்டாக்கியவை இத்தகைய நுண்ணுயிர்களே. இதே பட்டையில் இரும்பு வரிப்பாறைகளும் உள்ளன. கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு ஆக்சிஜனுடன் கூடிப் படிந்தவை அவை என்பது பரவலான விளக்கம். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் ஸ்ட்ரோமடோலைட்டுகள் இன்றும் உயிரோடு வளர்கின்றன.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, ராஜஸ்தானின் போஜுண்டா, ஜாமர்கோட்ரா ஸ்ட்ரோமடோலைட்டுகளைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களாக அறிவித்திருக்கிறது. சித்ரதுர்கா பட்டையில் அந்தப் பெருமை மரடிஹள்ளியின் தலையணை எரிமலைப் பாறைக்குக் கிடைத்துள்ளது. ராஜஸ்தான் கற்களைவிட வயதில் மூத்த இந்தப் பாசிக் கற்களுக்கும் அது கிடைக்க வேண்டும்.