மூலநிரலுக்கு ஓர் இருப்பிடம்

தாம் எழுதிய மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உலகுக்கு வழங்குவோர் உண்டு. அதனைத் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். அத்தகைய மூலநிரலை இணையத்தில் எந்தத் தளத்தில் வைப்பது?

“எல்லாரும் கிட்ஹப்பில்தானே இருக்கிறார்கள்?” என்பார்கள் நம் இளைஞர்கள். அதில் நியாயம் உண்டு. 2008இல் தொடங்கிய அத்தளத்தில் கூட்டம் மிகுதி. பிழை திருத்த உதவுவோர் எளிதில் கிடைப்பர். 2018இல் மைக்ரோசாப்ட் அதனை விலைக்கு வாங்கியது. ஆக, தளங்கள் கைமாறும். சில வேளை மூடியும் போகும்.

கூகுள் நிறுவனம் 2006இல் கூகுள் கோட் என்ற தளத்தைத் தொடங்கியபோது, இவ்வளவு பெரிய நிறுவனம் கைவிடுமா என்று நம்பிப் பலர் குடியேறினர். 2015இல் மூடப்போவதாக அறிவித்தார்கள். 2016 ஜனவரியில் மூடியும் விட்டார்கள்.

ஜிம்ப் என்னும் படம் திருத்தும் மென்பொருளின் அனுபவம் இன்னும் கசப்பானது. சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் விளம்பரங்களைப் பொறுக்க முடியாமல், அக்குழுவினர் 2013இல் அங்கிருந்து வெளியேறினர். 2015இல் தளத்தார் அவர்களுடைய பழைய பக்கத்தைத் தம் வசம் எடுத்துக்கொண்டு, ஜிம்ப்போடு விளம்பர மென்பொருளையும் சேர்த்து வழங்கினர். (2016இல் வந்த புதிய உரிமையாளர் அவ்வழக்கத்தை நிறுத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும்.)

தளம் மூடினால் நிரல் அழிந்துவிடுமா? பெரும்பாலும் அழியாது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவியில், நிரலைப் பிரதி எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதன் முழு வரலாறும் வந்து சேர்கிறது. ஆனால் பிழைப் புகார்களும், ஒரு மாற்றத்தை ஏன் ஏற்றோம், ஏன் மறுத்தோம் என்ற விவாதங்களும் தளத்தாரின் கிடங்கில்தான் இருக்கும். பிள்ளை பள்ளி மாறினாலும் பழைய பள்ளியின் பதிவேடு தானாகக் கூடவே வராதல்லவா? அப்படித்தான் இதுவும். பல ஆண்டு உழைப்பின் காரணகாரியம் அதிலேதான் இருக்கிறது. எனவே தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இவற்றையும் வெளியே எடுத்துச் செல்ல வழியுண்டா என்று முதலில் பாருங்கள்.

கிட்லேப் மென்பொருளின் இலவசப் பதிப்பை நம் சொந்தக் கணினியிலேயே நிறுவலாம். ஜினோம் குழுவினர் 2018இல் அவ்வாறே தமக்கென ஒன்றை அமைத்துக்கொண்டனர். பெரிய குழுவுக்கு அது தகும். மூன்று பேர் கூடிச் செய்யும் பணிக்கு, இரவும் பகலும் ஒரு கணினியைக் காவல் காப்பது வீண்சுமை. அவர்களுக்கு கோட்பெர்க் நல்ல இடம் என்பது என் கருத்து. பெர்லினில் உள்ள இலாப நோக்கற்ற சங்கம் ஒன்று அதை நடத்துகிறது. கிட்ஹப் அளவுக்குக் கூட்டம் அங்கே இராது. விரும்பினால் கிட்ஹப்பில் ஒரு நகலையும் வைக்கலாம்.

எங்கே வைத்தாலும், உங்கள் பணிக்கெனச் சொந்தமாக ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்து, பயனாளர்க்கு அதையே கொடுங்கள். பின்னாளில் தளம் மாற நேர்ந்தால், அம்முகவரியைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிட்டால் போதும்.