சிலேசிய மாகாணம் (1920–1939)

சிலேசிய மாகாணம் என்பது இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் போலந்தில் தன்னாட்சியுடன் இயங்கிய ஒரே மாகாணம் ஆகும். இதன் தலைநகரம் கத்தோவிட்சே. பரப்பளவு ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஆயினும் 1931இல் சுமார் 13 லட்சம் மக்கள் இங்கு வாழ்ந்தனர். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் நெருக்கமாக அமைந்திருந்ததே இதற்குக் காரணம்.

இம்மாகாணம் நிலத்தில் உருவாகும் முன்பே சட்டத்தில் உருவாகிவிட்டது. முதல் உலகப் போரில் செருமனி தோற்றபின், மேல் சிலேசியா எந்த நாட்டைச் சேர வேண்டும் என்பதைப் பொதுவாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்ய வெர்சாய் உடன்படிக்கை வழிசெய்தது. அங்கு வாழ்ந்தோரில் பலர் வீட்டில் போலந்து வட்டார வழக்கைப் பேசினாலும், பல நூற்றாண்டுகளாகப் போலந்து ஆட்சிக்கு வெளியே இருந்தவர்கள். செருமனி 1919இலேயே மேல் சிலேசியாவைப் பிரசியாவின் தனி மாகாணமாக்கியிருந்தது. போலந்தும் இவர்களின் வாக்குகளைப் பெற ஏதேனும் உறுதியளிக்க வேண்டியிருந்தது. 1920 சூலை 15 அன்று போலந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய தன்னாட்சிச் சட்டம் அத்தகைய உறுதிமொழியே. அன்று மேல் சிலேசியாவில் ஓர் ஊர்கூடப் போலந்தின் வசம் இல்லை.

1921 மார்ச் 20 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் செருமனிக்கே வாக்களித்தனர். பின்னாளில் தலைநகரமான கத்தோவிட்சேயிலும் பெரும்பான்மையினர் செருமனியையே விரும்பினர். மே மாதத்தில் வோய்ச்செக் கோர்ஃபான்டி தலைமையில் மூன்றாவது சிலேசிய எழுச்சி வெடித்தது. உலக நாடுகள் சங்கத்தின் பரிந்துரைப்படி அக்டோபரில் நிலம் பிரிக்கப்பட்டது. போலந்துக்குக் கிடைத்தது சிறிய பகுதிதான் என்றாலும், பெரும்பாலான சுரங்கங்கள் அதில் அடங்கின. 1922 சூனில் போலந்து படைகள் உள்ளே நுழைந்தன. முன்பு ஆசுத்திரியாவின் கீழிருந்த செசின் சிலேசியாவின் ஒரு பகுதியும் இம்மாகாணத்தில் அடங்கியது.

சிலேசிய நாடாளுமன்றமும் சிலேசியக் கருவூலமும் தன்னாட்சியின் இரு தூண்கள். வெளியுறவு, படை, சுங்கம் ஆகியவை வார்சாவிடம் இருந்தன. பள்ளி, காவல், உள்ளாட்சி போன்றவற்றில் மாகாணமே சட்டம் இயற்றியது. இங்கு திரட்டப்பட்ட வரி உள்ளூர்க் கருவூலத்துக்கே சென்றது. அதிலிருந்து ஒரு பங்கு மட்டும் நடுவண் அரசுக்கு அளிக்கப்பட்டது. இவற்றுள் உண்மையான அதிகாரம் கருவூலத்தில்தான் இருந்தது எனலாம். 1929இல் கட்டி முடிக்கப்பட்ட மாபெரும் நாடாளுமன்றக் கட்டடமே அந்தச் செல்வத்துக்குச் சான்று. தன்னாட்சி எப்போதும் முற்போக்காக அமைந்துவிடவில்லை. திருமணமான ஆசிரியைகளைப் பணியிலிருந்து நீக்கும் சட்டத்தை 1926இல் இயற்றியதும் இதே மன்றம்தான்.

அதே ஆண்டு ஆளுநராக வந்த மிகாவ் கிராசின்ஸ்கி வார்சாவின் பிடியை இறுக்கினார். அவரை எதிர்த்த கோர்ஃபான்டி 1930இல் சிறை வைக்கப்பட்டார். பின்னர் நாட்டைவிட்டு வெளியேறி, 1939இல் திரும்பி, மீண்டும் கைதாகி, அதே ஆண்டு ஆகத்தில் இறந்தார். சிலேசிய மன்றத்தின் இசைவின்றியே தன்னாட்சிச் சட்டத்தைத் திருத்த 1935ஆம் ஆண்டு அரசியலமைப்பு இடமளித்தது.

1939இல் செருமனி இம்மாகாணத்தைக் கைப்பற்றித் தன்னுடன் இணைத்துக்கொண்டது. போர் முடியும் தறுவாயில், 1945 மே 6 அன்று, போலந்தின் புதிய பொதுவுடைமை அதிகாரம் தன்னாட்சியைச் சட்டப்படி ஒழித்தது. இன்று சிலேசிய மாகாணம் என்னும் பெயரில் உள்ளது 1999இல் அமைக்கப்பட்ட வேறொரு அலகு; வரலாற்றுச் சிலேசியாவைச் சேராத செஸ்டகோவா போன்ற நகரங்களும் அதில் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், போலந்தில் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் தம்மைச் சிலேசியர் எனப் பதிவு செய்தனர்.