மறதிநோயும் கால்வன்மையும்

உடலின் வெம்மையை அளக்கக் கருவியுண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவியுண்டு. ஒரு முதியவரின் கால்களில் எவ்வளவு வன்மை எஞ்சியுள்ளது என்பதை அறிய ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமுமே போதும். ஆயின், அம்முதியவர் மறதிநோயுற்றவராயின் அவ்வளவை எங்ஙனம் எடுப்பது, எங்ஙனம் பொருள்கொள்வது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மேனாட்டார் டிமென்ஷியா என்று வழங்கும் இந்நோய் நினைவை மட்டும் குலைப்பதன்று, நடையையும் குலைப்பது. நம் நாட்டில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அஃதாவது ஏறக்குறைய 88 இலட்சம் பேர், இதனால் வருந்துகின்றனர் என 2023இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. மற்ற முதியோரினும் இவர்கள் அடிக்கடி விழுவர். இடுப்பெலும்பு முறிந்தபின் பழையபடி நடவாதார் பலர். ஆதலின், கால் தளர்வதை முன்னரே அறிதல் இன்றியமையாதது.

வழக்கிலுள்ள சோதனைகள் இரண்டு. முதலாவது, 43 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியில் கைகளை மார்பின்மேல் மடக்கி அமர்ந்து, 30 விநாடிகளுள் எத்தனை முறை முழுதும் எழுந்து நிற்கக்கூடும் என்று எண்ணுவது. இது தொடைத்தசையின் வன்மையைக் காட்டும். இரண்டாவது, நாற்காலியினின்று எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எத்துணை விநாடி ஆகின்றது என்று பார்ப்பது. இதனை 1991இல் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்ஸன் என்னும் இருவர் வகுத்தனர். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆயின் விழும் அபாயம் உண்டென்பது அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தாரின் கொள்கை.

மறதிநோயாளரிடத்து ஒரு சிக்கல் எழுகின்றது. "எழுந்து, கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள்" என்று ஒருங்கே சொன்னால், அவர் எழுந்தபின் மற்றவற்றை மறந்து நின்றுவிடுவார். அல்லது கோட்டைத் தாண்டி நடந்துகொண்டே போவார். கடிகாரமோ ஓடிக்கொண்டிருக்கும். அவ்வாறு கிடைக்கும் எண் காலின் அளவா, கருத்தின் அளவா? இதை ஆராயாது "இவரால் இயலாது" என்று எழுதிவிட்டால், நடக்க வல்லவர் படுக்கையில் கிடத்தப்படுவார். படுக்கையே அவரது எஞ்சிய வன்மையையும் கெடுத்துவிடும்.

எனினும், நடைக்கும் மனத்திற்கும் உள்ள தொடர்பு மெய்யானதே. சுவீடன் தேசத்தார் 1997இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 58 பேருள் 12 பேர் நடக்கும்போது பேச்சுக்கொடுத்தால் நின்றுவிட்டனர். அவருள் 10 பேர் ஆறு திங்களுள் விழுந்தனர்.

ஆகவே செய்யத்தக்கன இவை. முதலில் நாமே எழுந்து அமர்ந்து காட்டுக. பின்னர், "எழுந்திருங்கள் தாத்தா", "உட்காருங்கள்" என ஒவ்வொரு சொல்லாகக் கூறுக. அவர் நன்கறிந்த ஒருவர் அருகிருத்தல் நலம். நாற்காலி சுவரையொட்டி இருத்தல் வேண்டும். விழாது தாங்க ஒருவர் பக்கத்தில் நிற்றல் வேண்டும். எத்தகைய உதவி அளித்தோம் என்பதையும் எண்ணோடு குறித்தல் வேண்டும். அடுத்த முறையும் அதே நாற்காலி, அதே நேரம், அதே கைத்தடி. மறதிநோயாளரின் நடைச்சோதனையில் நான்கு விநாடிக்குக் குறைந்த வேறுபாட்டை மெய்யான மாற்றமென்று கொள்ளலாகாது என 2009இல் கண்டுள்ளனர்.

நமது தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம், அரூர்ப் பகுதிகளின் சிற்றூர்களில், தரையிலும் திண்ணையிலும் அமர்ந்தே வாழ்நாளைக் கழித்த மூதாட்டியர் பலர். அவர்கட்குத் திண்ணையே நாற்காலியாகலாம். ஆனால் அவ்வெண்ணை அச்சிட்ட அட்டவணையோடு ஒப்பிடுதல் தகாது. அவரது முந்திய எண்ணோடே ஒப்பிடுக. முன்னர் நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி என்னும் ஊரில், 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், இல்லம் சென்று அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். எண் குறைந்துவரக் கண்டால் அவர்களிடம் தெரிவித்தல் நலம்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் தம் வீட்டு முதியோர் எங்ஙனம் எழுகின்றனர் என்பதைச் சற்றே உற்று நோக்குவாராக. நினைவு தளர்ந்தார்க்கும் கால்வன்மையைப் பயிற்சியால் பேணலாம். அதற்கு முதற்படி, உள்ளதைப் பொறுமையோடு அளந்தறிதலேயாம்.